பதினான்காம் எண் வீட்டின் முகப்பு

14, முல்லை நகர்,
இராஜபாளையம்.
14.6.1987

அன்புள்ள கனி,

இங்கு நான், உன் அத்தான், மகள் கோதை எல்லோரும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள். அவருடைய பேண்டேஜ் துணிக்கு வடக்கே இருந்தெல்லாம் ஆர்டர் வருகிறதாமே, பிறகென்ன குறை.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கும் இருபத்தொன்றாம் எண் மனையை மாப்பிள்ளை வாங்கிவிட்டார் என்ற செய்தி உன்னிடமிருந்து எனக்கு வரவில்லை. எங்கள் சங்கத் தலைவர் சௌந்தரபாண்டியன் சார் சொல்லித்தான் தெரிந்தது. ரிட்டையர்டு தாசில்தார், எல்லாப் பத்திரமும் அவர் காதுக்கு வந்துவிடும். "என்ன டீச்சர், தங்கச்சி எதுத்த வீட்டுக்கே வாராகளாமே?" என்று கேட்டார். முன்பே தெரிந்தவள்போலத் தலையாட்டி வைத்தேன். கூடப்பிறந்தவள் வீடு கட்டுவதை ஊரார் சொல்லி அறிகிற நிலைமைக்கு வந்துவிட்டேன், போகட்டும்.

நேற்று வீரணன் மேஸ்திரியைக் கடைத்தெருவில் பார்த்தேன். என் வீட்டைக் கட்டிய அதே வீரணன்தான். உன் வீட்டு பிளானைப் பிரித்துக் காட்டினார். மாடி, அரைவட்டமாக முன்னால் நீட்டிய பால்கனி, அதற்குத் தாமரைப்பூ வைத்த கம்பி, ரோஸ் நிறச் சுவர். ஏட்டி கனி, அது வக்கீல் வீடு அல்லவா? ஸ்ரீவில்லிபுத்தூரில் நாம் பள்ளிக்கூடம் போகிற வழியில், தேரடிக்குத் திரும்புகிற மூலையில் இருந்த வீடு. தினமும் அதன் எதிரே நின்று "இது எனக்கு" என்று சொன்னவள் நான். அடுத்திருந்த ஓட்டு வீட்டை உனக்குக் கொடுத்தேன். நீயும் சரி என்றாய். உனக்கு நினைவில்லாமல் இருக்காது.

நான் லோன் போட்டு, எட்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கும் கடனுக்குக் கிடைத்தது மாடியில்லாத வீடு. அதுவும் ஒரு வீடுதான்.

இங்கே வீடுகளின் வெளித்தோற்றத்துக்கு விதிகள் எழுத வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. ஆளுக்கொரு உயரம், ஆளுக்கொரு நிறம் என்று போனால் தெரு சந்தைக்கடை ஆகிவிடும் என்பது எல்லோருடைய கருத்து. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று செயலாளர் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அக்கா,
பரிபூரணம்

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்
21.6.1987

பிரியமுள்ள அக்காவுக்குக் கனி எழுதுறது.

உன் லெட்டரை ரெண்டு தரம் வாசிச்சேன். மொதத் தரம் சந்தோசமா இருந்துச்சு. ரெண்டாந்தரம் வாசிக்கையிலதான் நீ கோவமா இருக்கேன்னு புரிஞ்சது.

மனை வாங்கினதைச் சொல்லாதது தப்புதான். கடக்கால் போட்டுட்டு நேர்ல வந்து சொல்லி உன் முழியப் பாக்கணும்னு நெனச்சேன். அந்தத் தாசில்தாரு முந்திக்கிட்டாரு.

வக்கீல் வீடேதான் யக்கா! கண்டுபிடிச்சுட்டியே! அந்த வீட்டைப் போன வருசம் இடிச்சுட்டாங்க, தெரியுமா? அங்க லாட்ஜு வரப்போகுது. இடிக்கப் போறாங்கன்னு கேள்விப்பட்ட அன்னைக்கே வீரணன் மேஸ்திரியக் கையோட கூட்டிட்டுப் போயி பால்கனிய அளவெடுத்தேன். தாமரைப்பூக் கம்பி எடைக்குப் போறதுக்கு முன்னாடி நானே வாங்கிட்டேன். இப்ப எங்க குடோன்ல பேல் துணிக்கு நடுவுல கிடக்கு. அதை எதுக்கு வாங்கினேன்னு வீடு முடிஞ்ச பொறவு சொல்லுதேன். இப்பக் கேக்காத.

ஓட்டு வீட்டை எனக்குக் கொடுத்தேங்கிறியே, அதுக்கு நான் சரின்னு சொன்னப்ப எனக்கு ஏழு வயசு. இப்ப முப்பத்தெட்டு.

விதி கிதி எழுதுறேன்னியே, நல்லா எழுது. நீ எழுதினா யாரு மாத்திச் சொல்லப் போறா.

உன் தங்கச்சி
கனி

&nbsp;

இராஜபாளையம்
3.9.1987

செல்லக்கனிக்கு,

முல்லை நகர் வீட்டு உரிமையாளர் நலச் சங்கத்தின் வெளித்தோற்ற விதிகளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆகஸ்டு முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் கைதூக்கி ஏற்றுக்கொண்டார்கள். மொத்தம் பன்னிரண்டு. உன் வீட்டுக்குப் பொருந்துபவற்றைச் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறேன்.

தெருவைப் பார்த்த பக்கம் மாடி கூடாது. முன்னால் நீட்டிய பால்கனி கூடாது. சுற்றுச்சுவர் நாலடிக்கு மேல் போகக் கூடாது. சுவருக்கு இளஞ்சந்தன நிறம், கேட்டுக்குப் பச்சை. ஒன்பதாவது விதி இது: "அளவிலோ அமைப்பிலோ ஐயம் எழுந்தால் பதினான்காம் எண் வீட்டின் முகப்பையே முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும்." பதினான்கு என் வீடு என்பதால் நீ தப்பாக நினைக்கக் கூடாது. அந்த எண்ணைப் போடச் சொன்னது சௌந்தரபாண்டியன் சார். பன்னிரண்டாவது, பெயர்ப்பலகையில் பத்திரத்தில் உள்ள உரிமையாளரின் பெயரும் பட்டமும் தவிர வேறு பெயர் கூடாது.

கட்டத் தொடங்கிவிட்டவர்களுக்கும் பொருந்துமா என்று ஒருவர் கேட்டார். பொருந்தும் என்று முடிவாயிற்று. இப்போதைக்குக் கட்டிக்கொண்டிருப்பது உன் வீடு ஒன்றுதான்.

தங்கை என்பதற்காக நான் விட்டுக்கொடுத்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். இதில் என் சொந்த விருப்பு வெறுப்பு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ச. பரிபூரணம், பி.ஏ., பி.டி.,
செயலாளர்

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்
9.9.1987

செயலாளர் அம்மாளுக்கு,

உன் பன்னெண்டு விதியையும் இவிய உரக்க வாசிச்சாக. நான் அரிசி பொடைச்சுக்கிட்டே கேட்டேன். ஒவ்வொண்ணா கேக்கக் கேக்க எனக்கு என் வீடுதான் கண்ணு முன்னால வந்துச்சு. மாடியா, வெட்டு. பால்கனியா, வெட்டு. ஆறடிச் சுவரா, வெட்டு. ரோஸ் கலரா, அதையும் அழி. யக்கா, இது முப்பத்திரண்டு வீட்டுக்கு எழுதினதா, என் ஒருத்தி வீட்டுக்கு எழுதினதா? வீரணன் காட்டுன பிளானைப் பக்கத்துல விரிச்சு வெச்சுக்கிட்டு எழுதினியோ?

விருப்பு வெறுப்பு இல்லையாம்! வயித்தெரிச்சல்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா நான் சிரிச்சுட்டுப் போயிருப்பேன். செவப்பு மையில கோடு போட்டு அனுப்புறதுக்கு நான் என்ன உன் கிளாஸ்ல பெயிலான பிள்ளையா?

கேஸ் போடுவோம்னு இவிய குதிக்காக. வக்கீலைப் பாத்துப் பேசிட்டும் வந்துட்டாக. "உங்கக்கா என்ன பெரிய கலெக்டரா? ஒரு நோட்டீஸ் விட்டா ஓடிப்போகும்"ங்காக. நான்தான் கூடாதுன்னு நின்னேன். அக்கா மேல கேஸ் போட்டு ஜெயிச்ச வீட்டுல எனக்குச் சோறு எறங்குமா?

பால்கனிக்கு நீட்டி விட்டிருந்த கான்கிரீட் கம்பி அம்புட்டையும் நேத்து அறுத்தாச்சு. ரம்பம் போடுற சத்தத்துல பல்லு கூசிச்சு. கிட்ட நின்னு பாத்தேன். உனக்கும் கேட்டிருக்கும், ரோட்டுக்கு அங்கிட்டுத்தானே இருக்க. சன்னல் சாத்தியிருந்துச்சு.

இனிமே உன் விதிப்படியேதான் கட்டுவேன். ஒரு இஞ்சு பெசகாது. இது சத்தியம்.

செல்லக்கனி

&nbsp;

ஸ்ரீவில்லிபுத்தூர்
12.2.1988

அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வாற 22-ந் தேதி திங்கக்கிழமை காலையில ஏழரைக்கு முன்னாடி பால் காய்ச்சுறோம். பத்திரிகை அடிக்கல, இந்தக் கார்டுதான் பத்திரிகை. முகப்புல கட்டியிருக்கிற சாக்குத் துணிய அன்னைக்குத்தான் எடுப்போம். ஒம்பதாவது விதிய அப்படியே கடைப்பிடிச்சிருக்கோம். செயலாளர் வந்து அளந்து பாக்கலாம். டேப்பு நான் தாரேன்.

கனி

&nbsp;

14, முல்லை நகர்
25.2.1988

செல்லக்கனி,

முப்பதடி ரோட்டுக்கு அப்பால் இருக்கிற வீட்டுக்குத் தபால் போடுகிறேன். நேரில் வந்தால் வாயில் வரக்கூடாதது வந்துவிடும்.

சாக்குத் துணியை எடுத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். "டீச்சர் வீடு மாதிரியே அச்சடிச்ச கணக்கா இருக்கு" என்றார் சௌந்தரபாண்டியன் சார். நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு இடதுபக்கச் சன்னலைப் பார்த்தேன்.

என் வீடு கட்டியபோது மழையில் முட்டுக்கட்டை இறங்கி, அந்தச் சன்னலுக்கு மேலே இருக்கிற சன்ஷேடு வலதுபக்கத்தைவிட ஒரு சாண் தாழ்ந்துபோனது உனக்குத் தெரியும். இடித்து மறுபடி போட எனக்கு அன்றைக்கு வழியில்லை. முல்லைக்கொடி ஏற்றி மறைத்தேன். ஒன்பது வருஷத்தில் ஒருவர்கூட அதைக் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். நான், வீரணன், அன்று எனக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்து என் அழுகையைத் துடைத்த நீ.

அதே கோணலை உன் புது வீட்டில் வைத்திருக்கிறாய். கொடியும் கிடையாது, மறைப்பும் கிடையாது. காலையில் கதவைத் திறந்தால் என் குறை என் முகத்தில் முழிக்கிறது. நாலு பேர் உன் வீட்டைப் பார்த்துவிட்டு என் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கொடியை விலக்கிக்கூடப் பார்த்தாள் ஒருத்தி.

உடனே அதைச் சரிசெய்.

பரிபூரணம்

&nbsp;

21, முல்லை நகர்
27.2.1988

அக்கா,

உன் தபாலைக் கொண்டாந்த ரத்தினம் என்னைப் பாத்து, உன் வீட்டைப் பாத்து, திரும்ப என்னைப் பாத்தாரு. "ஏம்மா, ஒரு கூப்பிடு கூப்பிட்டா கேக்குமே"ன்னாரு. தபால்காரருக்கு எதுக்கு அதெல்லாம்னு சொல்லிட்டேன்.

சன்ஷேட்டை வைக்கிறப்ப வீரணன் மேஸ்திரி மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. "தாயீ, மழையில தவறிப் போனது வேற. தெரிஞ்சே கோணலா வையின்னு சொல்லுதீகளே, என் கை எப்படி வரும்?" அப்படின்னாரு. நான்தான் உன் விதித்தாளை நீட்டினேன். அளவுல அமைப்புல ஐயம் வந்தா பதினாலாம் நம்பர் முகப்பு. எனக்கு ஐயம் வந்துச்சு, பாத்தேன், வெச்சேன். கோணல் முகப்புல சேராதுன்னு நீ எங்கயும் எழுதலையே? கொடி வளக்கணும்னும் எழுதலை.

சரிசெய்ய மாட்டேன். விதிய மாத்தி எழுது, அப்பப் பாக்கலாம். ஆனா மாத்துறப்ப எதுக்கு மாத்துறேன்னு பொதுக்குழுவுல எந்திரிச்சு நின்னு சொல்லணும்.

கனி

&nbsp;

14, முல்லை நகர்
14.6.1993

அன்புள்ள கனி,

ஐந்து வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோதை கையில் பலகாரத் தட்டு போயிற்று, வந்தது. போன வாரம் வரை ரோட்டைத் தாண்டாதது நாம் இருவர் மட்டும்தான்.

இந்த ஐந்து வருஷத்தில் என் விதிகளை ஒவ்வொருவராக மீறிவிட்டார்கள். மூன்றாம் எண்ணில் மாடி, ஒன்பதில் வழவழ டைல்ஸ், தெருக்கோடியில் கிளிப்பச்சை. நானும் நோட்டீஸ் அனுப்பி ஓய்ந்துபோனேன். சந்தன நிறச் சுவரும் பச்சை கேட்டுமாக மிஞ்சியவை இரண்டே வீடுகள்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை அந்தக் கூத்து நடந்தது. கோதையைப் பார்க்கத் தளவாய்புரத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு வழி சொன்னவர் உன் அத்தான். "சந்தன நிற வீடு, பச்சை கேட்டு, இடதுபக்க சன்ஷேடு செத்த எறங்கியிருக்கும்" என்று போனில் சொன்னாராம். பார், அவரும் கவனித்திருக்கிறார். இத்தனை வருஷம் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்கள் நேராக உன் வீட்டுக்குள் போய்விட்டார்கள்.

நான் சன்னலில் நின்று பார்த்தேன். எனக்கு உயிரே இல்லை. இப்போது அவள் நாலு வார்த்தை சொன்னால் போதும், பழைய பகையெல்லாம் ஒரே நாளில் தீர்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனோ என்றும் நினைத்தேன். அரைமணி நேரம் கழித்து நீயே அவர்களை என் கேட் வரை கூட்டிவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போனாய். பையனின் அம்மா உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "ஒங்க தங்கச்சி அம்புட்டையும் சொல்லிட்டாக. எங்கக்கா வளத்த புள்ள, கண்ண மூடிட்டுக் கட்டிக்கிடலாம்னாக. நாங்க இனி என்னத்தக் கேக்க?" முடிவாகிவிட்டது, கனி. ஆவணியில் கல்யாணம். உன் காப்பியைப் பற்றியும் இரண்டு முறை சொன்னார்கள். அப்போதுகூட எனக்கு எரிந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்று பொதுக்குழுவில் எழுந்து நின்று சொன்னேன். பால்கனி கூடாது என்ற விதியையும் மாடி கூடாது என்ற விதியையும் ஒன்பதாவது விதியையும் எடுத்துவிட வேண்டும், அவற்றை நான் எழுதியது பொறாமையில் என்றேன். "இதை மினிட்ஸ்ல ஏத்தணுமா டீச்சர்?" என்றார் சௌந்தரபாண்டியன் சார். ஏற்ற வேண்டும் என்று சொல்லி நானே எழுதினேன்.

பதினான்கு என்ற எண்ணைப் போடச் சொன்னது அவர் இல்லை. நானேதான் போட்டேன். உன் மனையில் செங்கல் இறங்கிய அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் வீட்டை நீ பார்த்துப் பார்த்துக் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன் கம்பியை அறுத்த அன்று சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது. மறுநாள் இல்லை.

வக்கீல் வீட்டுப் பால்கனியை வைத்துவிடு. கொடியை நான் வெட்டிவிட்டேன்.

அக்கா

&nbsp;

21, முல்லை நகர்
16.6.1993

அக்காவுக்கு,

அழுதுட்டேன். அதை மொதல்ல எழுதிருதேன், பொறவு ரோசம் வந்து எழுதாம விட்டுருவேன்.

தாமரைப்பூக் கம்பிய எதுக்கு வாங்கினேன்னு வீடு முடிஞ்ச பொறவு சொல்லுதேன்னேன்ல. நாம அந்த வக்கீல் வீட்டை எங்க நின்னு பாத்தோம்? எதுத்தாப்புல நின்னுதானே? உள்ள இருந்த வக்கீல் பொண்டாட்டி ஒரு நாளாவது அந்தப் பால்கனியப் பாத்திருப்பாளா? வீட்டு முகப்பு எதுத்த வீட்டுக்காரிக்குத்தான் யக்கா. நீ வாசல்ல சேரைப் போட்டு நோட்டுத் திருத்துறப்ப தலைய நிமித்தினா அது தெரியணும். அதுக்குத்தான் உனக்கு நேர் எதுத்த மனைதான் வேணும்னு இவியகிட்ட அடம் பிடிச்சேன்.

முழுக்க உனக்காகன்னு சொன்னா அது பொய். நீ பாத்துக் கொஞ்சம் எரியட்டும்னும் நெனச்சேன். பாதி அது, பாதி இது.

எனக்கு மட்டும் பொறாமை இல்லையா? உன்னை மதுரைக்குக் காலேஜுக்கு அனுப்பின வருசம் என்னை எட்டாங்கிளாஸோட நிறுத்தினாங்க. வீட்டு வேலைக்கு ஒரு ஆள் வேணும்ல. இந்த அஞ்சு வருசமா நான் தெனமும் முழிக்கிறது உன் கோணல்ல இல்ல, உன் பித்தளைப் பலகையில. பரிபூரணம், பொறவு ரெண்டு பட்டம். நீ வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேச்சேன்னா வெயில் அதுல பட்டு என் நடுவீடு வரைக்கும் அடிக்கும். என் வாசல்ல ஐயாதுரைன்னு இருக்கு. பேங்கு பாஸ்புக்கு, ரேஷன் கார்டு, பத்திரம், எல்லாத்துலயும் அவிய பேருதான். என் பேரு எழுதின இடம்னு இந்த ஊருல எதுவும் கிடையாது. உன் லெட்டருக்கு மேலதான் இருக்கு.

மூணு விதிய அடிச்ச, பன்னெண்டாவதை ஏன் விட்டுட்ட?

அதையும் அடி. பால்கனி வைக்கிறேன். அதோட நெத்தியில சிமிண்டு எழுத்துல செல்லக்கனின்னு வைக்கணும். இவியகிட்ட கேட்டுட்டேன், "வெச்சுக்கிடு, யாரு வேண்டாம்னா"ன்னாக. வீரணன் மேஸ்திரி எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். நீதான் எழுதித் தரணும்.

ரெண்டு சன்ஷேட்டையும் யாரும் தொட வேண்டாம். அதைப் பாத்துத்தான் நம்ம பிள்ளைக்கு மாப்பிள்ளை வந்திருக்கு.

கனி

&nbsp;

14, முல்லை நகர்
19.6.1993

அன்புள்ள கனி,

பன்னிரண்டாவது விதியையும் அடித்தாயிற்று. கமிட்டியில் சௌந்தரபாண்டியன் சார் மட்டும் "பட்டம் இல்லாத பேர வெறும் பேரா வைக்கிறதா?" என்று இழுத்தார். வெறும் பேர்தான் சார், அதுக்கு மேல என்ன வேணும் என்றேன்.

எழுத்துகளைக் கெட்டி அட்டையில் எழுதி, ஒவ்வொன்றாகக் கத்தரித்து வைத்திருக்கிறேன். மேஸ்திரி அப்படியே வைத்து அச்சுப் பிடிக்கலாம். தபாலில் போட்டால் மடங்கிவிடும். இந்தக் கடிதத்தை மட்டும் ரத்தினத்திடம் கொடுத்திருக்கிறேன். இனி முல்லை நகருக்குள் என்னிடமிருந்து தபால் இராது என்று சொன்னேன். பெரிய கும்பிடாகப் போட்டார்.

இது உன் கைக்கு வருகிற அன்று சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் அட்டையை எடுத்துக்கொண்டு நான் ரோட்டைத் தாண்டி வருகிறேன். அந்தக் காப்பியை எனக்கும் போட்டு வை.

உன் பெயரின் எழுத்துகள் எட்டு அங்குல உயரம். என் பித்தளைப் பலகையில் இரண்டு அங்குலம்தான். வெட்டும்போது வயிறு எரிந்தது. ஆறாகக் குறைத்தால் என்ன என்று ஸ்கேலை வைத்து அளந்துகூடப் பார்த்தேன்.

குறைக்கவில்லை.

அக்கா